ஸ்விட்ச் வாங்கும் முன் சுவருக்குள் பாருங்கள்: வீட்டில் வேகமான நெட்வொர்க் போட்ட அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். மதுரையில் வீட்டு மாடி அறையில் எடிட் சிஸ்டம், கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற சின்ன அறையில் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமித்து வைக்கிற பெட்டி), ஹார்டு டிஸ்குகள் எல்லாம். 4கே-யில் 100 மெகாபிட் ரேட்டில் எடுத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், அப்புறம் மறுவீடு என்று கூட்டினால் ஒரே கல்யாணம் அரை டிபியைத் தொட்டுவிடும். ஆவணியிலும் தையிலும் அடுத்தடுத்து முகூர்த்தம் வரும்போது என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கார்டிலிருந்து சிஸ்டத்துக்கு ஏற்றுவது சட்டென்று முடிந்துவிடும். சிஸ்டத்திலிருந்து நாஸுக்கு அனுப்புவதுதான் ராத்திரி முழுக்க ஓடும், காலையில் வந்து பார்த்தாலும் முடிந்திருக்காது.

அப்படி ஓடும்போது திரையில் தெரிந்த வேகம் நொடிக்கு 11 எம்பி. இந்த எண் முக்கியம். நெட்வொர்க் வேகத்தை பிட் கணக்கில் சொல்வார்கள், ஃபைலை பைட் கணக்கில் சொல்வார்கள், 8 பிட் சேர்ந்தது 1 பைட். அதனால் 100 மெகாபிட் இணைப்பில் உச்சமே 12.5 எம்பிதான், ஃபைலைச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாக, அனுப்பும்போது ஒவ்வொன்றோடும் போகிற மேல்விவரங்கள் போக 11 சொச்சம் கையில் கிடைக்கும். ஜிகாபிட் என்றால் 110 முதல் 118 வரை. 2.5ஜி, அதாவது 2.5 ஜிகாபிட் என்றால் 280, 290. 10ஜி என்றால் 1,100-க்கு மேல். ஆக 11-இல் போய் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ ஓர் இடத்தில் 100 மெகாபிட் ஒளிந்திருக்கிறது. 112-இல் நின்றால் உங்கள் ஜிகாபிட் குறையில்லாமல் ஓடுகிறது, அதற்கு மேல் வேண்டும் என்றால் மட்டும்தான் காசு செலவழிக்க வேண்டும். 35, 40 என்று நின்றால் யூஎஸ்பி அடாப்டரை 2.0 போர்ட்டில் செருகியிருக்க வாய்ப்பு அதிகம். ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தால் வைஃபை, அல்லது டிஸ்க், அல்லது ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள்.

1 டிபி அனுப்ப 11.5 எம்பி வேகத்தில் ஒரு முழு நாள் ஆகும். 115-இல் இரண்டரை மணி நேரம். 280-இல் ஒரு மணி நேரம். 1,100-இல் கால் மணி நேரம். கவனியுங்கள், முதல் படியில் கிடைக்கிற லாபம்தான் மிகப் பெரியது, அதற்குத்தான் மிகக் குறைந்த செலவும். நிறைய பேர் இந்த முதல் படியைத் தாண்டி நேராக 10ஜி கார்டு விலை பார்க்கப் போகிறார்கள்.

இன்னொன்று. "300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், அப்புறமும் ஏன் நாஸுக்கு மெதுவா போகுது" என்று என்னிடம் கேட்காத நண்பர் இல்லை. இன்டர்நெட் பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகிற ஃபைல் தெருவுக்கே போவதில்லை. பிளானை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் அந்த 11 அப்படியேதான் இருக்கும்.

சரி, 100 மெகாபிட் எங்கே ஒளிந்திருந்தது? விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குப் போய் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும், 100/100 என்றோ 1000/1000 என்றோ. லினக்ஸில் ஈத்டூல் கட்டளை சொல்லிவிடும். இது நம் சிஸ்டத்துக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் உள்ள இணைப்பை மட்டும்தான் சொல்லும், கடைசி வரைக்கும் உள்ள வழியைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்க வேண்டும். நான் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகச் செருகிப் பார்த்தேன்.

முதல் குற்றவாளி, இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி. பின்னால் நான்கு போர்ட், நான்கும் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் ஒன்று மட்டும்தான் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100 மெகாபிட். பெட்டிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் ஒரு போர்ட்டுக்கு ஜிஇ (ஜிகாபிட் ஈதர்நெட்) என்றும் மற்றதற்கு எஃப்இ (ஃபாஸ்ட் ஈதர்நெட், அதாவது 100 மெகாபிட்) என்றும் போட்டிருந்தது, அதைக் குனிந்து படித்தால்தான் உண்டு. நாஸ் செருகியிருந்தது எஃப்இ-யில். தீர்வு எளிது: அந்த ஒரு ஜிகாபிட் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் எடுத்து தனி ஜிகாபிட் ஸ்விட்சுக்கு (பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கிற பெட்டி) கொண்டு போய், வீட்டில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ஸ்விட்சில் செருகிவிடுவது. உள்ளே போய் செட்டிங் மாற்றுகிற மேனேஜ்டு ஸ்விட்ச் எல்லாம் தேவையில்லை, சாதாரண ஐந்து போர்ட், எட்டு போர்ட் போதும். இரண்டு கணினிகளும் ஒரே ஸ்விட்சில் இருந்தால் அவற்றுக்கு இடையிலான ஃபைல் ஃபைபர் பெட்டியைத் தொடாமலே போய்விடும்.

கீழ்த்தளத்தில் இதோடு 112 வந்துவிட்டது. மாடியில் வரவில்லை, அங்கே இன்னும் 100/100.

வீடு கட்டும்போதே எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு அறைக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டிருந்தார், கேட் 6 தரம் என்று பில்லிலும் இருக்கிறது. மாடி அறையில் ஃபேஸ் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். கேபிளுக்குள் எட்டு வயர். ஆனால் ஐஓ பாக்ஸில் (சுவரில் உள்ள நெட்வொர்க் சாக்கெட்) ஏறியிருந்தது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும். நீல ஜோடி பிரிந்து பக்கத்தில் இருந்த லேண்ட்லைன் சாக்கெட்டுக்குப் போயிருந்தது, பழுப்பு ஜோடி எதற்கும் இல்லாமல் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. நம் ஊரில் இது சகஜம். ஒரே கேபிளில் நெட்டும் போனும், இல்லையென்றால் நெட்டும் கேமராவுக்கான 12 வோல்ட்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், அதனால் நெட் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். லேண்ட்லைனை எடுத்தே வருஷக்கணக்காகிறது, ஆக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நீலத்தைப் பிடுங்கி இரண்டு முனையிலும் எட்டு வயரையும் புதிதாக ஏற்றச் சொன்னேன், 1000/1000 காட்டியது.

ஆனால் காட்டுவது வேறு, ஓடுவது வேறு. ஃபைல் அனுப்பினால் 112 போகும், திடீரென்று 40 ஆகும், மறுபடி ஏறும். இங்கேதான் ஐபெர்ஃப் 3 என்கிற இலவச மென்பொருள் உதவும். நாஸில் அதை சர்வராக ஓடவிட்டு, சிஸ்டத்திலிருந்து கிளையன்டாக அழைத்தால், டிஸ்கையே தொடாமல் வெறும் நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளந்து சொல்லும். பெரிய ஆர் எழுத்தை ஹைஃபனோடு சேர்த்தால் எதிர்த்திசையிலும் அளக்கலாம், இரண்டு திசையும் கட்டாயம் பாருங்கள். நல்ல ஜிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அசையாமல் நிற்கும். அனுப்புகிற பக்கம் லினக்ஸாக இருந்தால் எத்தனை பாக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது என்றும் ஒரு வரிசையில் வரும். வீட்டுக்குள் ஓடுகிற ஜிகாபிட் கேபிளில் அந்த வரிசை நொடிக்கு நொடி நூற்றுக்கணக்கில் எகிறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். எனக்கு அப்படித்தான் எகிறியது.

மறுமுனையில், அதாவது கீழே ஸ்விட்ச் பக்கம் இருந்த கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வயர்கள் இருந்த வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கண்ணுக்கு அழகாக, ஜோடி ஜோடியாக, ஒழுங்காகத்தான் இருக்கிறது. மாடியில் இருந்த வயர்களையும் எலக்ட்ரீஷியன் அதே வரிசைக்கு ஒத்த பின்களில்தான் ஏற்றியிருந்தார். அவரை மறுபடி கூப்பிட்டுக் கேட்டால் எல்இடி டெஸ்டரைச் செருகிக் காட்டினார், ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை லைட் வரிசையாக எரிந்தது. "எட்டு லைட்டும் எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்.

டெஸ்டர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. இந்த முனையின் ஒன்றாவது பின் அந்த முனையின் ஒன்றாவது பின்னோடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். கேபிளுக்குள் ஜோடிகளை முறுக்கி வைத்திருப்பதே ஒரு வயரில் ஏறும் இரைச்சல் மற்றதிலும் அதே அளவு ஏறி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும்போது ரத்தாகிவிட வேண்டும் என்பதற்காக. ஈதர்நெட்டில் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. மேலே சொன்ன வரிசையில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம். இரண்டும் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை. சிக்னலுக்கு ஜோடி, ஆனால் முறுக்கில் ஜோடி இல்லை. ஒரு ஜோடியின் சத்தம் பக்கத்து ஜோடிக்குள் இறங்கிவிடும். கேபிள் நீளம் குறைவென்றால் எப்படியோ ஓடிவிடும், நீளம் கூடக்கூட பாக்கெட் விழும். சரியான வரிசை, டி568பி என்று சொல்வது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீலமும் பச்சையும் இடம் மாறி உட்காருகிறதே என்று தோன்றும், அப்படித்தான் உட்கார வேண்டும். இரண்டு முனையும் இதே. கனெக்டரை அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப் செய்யும்) இடத்தில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பலரும் ஓரங்குலம், இரண்டங்குலம் பிரித்துவிட்டு உள்ளே தள்ளுகிறார்கள்.

இரண்டு முனையையும் வெட்டி மறுபடி ஏற்றியதும் 940 அசையாமல் நின்றது. செலவு: ஒரு ஐஓ, ஒரு கனெக்டர்.

ஹாலுக்குப் போகிற கேபிள் வேறு கதை. அதில் வரிசை எல்லாம் சரி, ஆனால் தொட்டால் வயர் ஒடிகிறது. பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக மின்னுகிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர். கடையில் சிசிஏ என்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். உறையில் கேட் 6 என்று அச்சடித்திருக்கும், ஆனால் கேட் 6 தரம் என்றால் முழுச் செம்பாகத்தான் இருக்க வேண்டும். இதில் மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும், கேமராவுக்கு இதன் வழியாகவே மின்சாரமும் கொடுத்தால் சூடாகும். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும். சுவருக்குள் போய்விட்ட கேபிளைக்கூடச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளங்கள். 20 மீட்டர் கேபிளுக்கு நல்ல செம்பு என்றால் 4 ஓமுக்குள் இருக்கும், சிசிஏ என்றால் 5-ஐத் தாண்டும். மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள், அதுவே அரை ஓம் காட்டும்.

அதே மாதிரி, ஆன்லைனில் கேட் 8 என்று விற்கிற தட்டையான, துணிநாடா போன்ற கேபிள்களையும் நான் வாங்குவதில்லை. கேட் 8 என்பது கனத்த கவசம் போட்டு, 30 மீட்டருக்குள் 25ஜி, 40ஜி ஓட்டுவதற்காக டேட்டா சென்டர்களுக்கு வகுத்த தரம். கதவு இடுக்கில் நுழைகிற தட்டைக் கேபிளில் அதை எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கு முழுச் செம்பு கேட் 6 போதும். புதிதாக இழுப்பதாக இருந்து, பைப்பில் இடமும் இருந்தால் கேட் 6ஏ. 10ஜி-யைக் கேட் 6-இல் 55 மீட்டர் வரை ஓட்டலாம், 6ஏ-வில் 100 மீட்டர். எந்த வீட்டில் 55 மீட்டர் இழுக்கப் போகிறோம்?

மாற்றி இழுக்கும் வேலை பற்றி ஒரு வார்த்தை. பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி, கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டி இழுத்தால், கேபிள் போகும்போது கயிறும் உள்ளே போய்விடும், அடுத்த தடவைக்கு ஆகும். பைப் வளைவில் சிக்கினால் டால்கம் பவுடர் போடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். 11 கிலோவுக்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்கு குலைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பைப் இல்லாத இடத்தில் கேசிங் பட்டி அடித்துக்கொள்ளலாம், பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். கரண்ட் போகிற பைப்பிலேயே சேர்த்து இழுத்துவிடலாம் என்று சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். இரைச்சல் இரண்டாவது பிரச்சினை. 230 வோல்ட் வயரின் உறை எங்காவது உரிந்தால் அது நெட்வொர்க் வழியாக உங்கள் கைக்கே வரும்.

இவ்வளவும் முடிந்தபோது வீடு முழுக்க ஒழுங்கான ஜிகாபிட் ஆகியிருந்தது, இதுவரை சொல்லும்படியாக எதுவும் வாங்கவில்லை. உங்களுக்குத் தேவை போட்டோ பேக்கப், டிவியில் படம் பார்ப்பது என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். எனக்கு 112 போதவில்லை.

அடுத்த படி 2.5ஜி. இந்தத் தரம் 2016-இல் வந்தது, அதுவும் பழைய கேட் 5ஈ கேபிளிலேயே 100 மீட்டர் ஓட வேண்டும் என்று யோசித்தே உருவாக்கினார்கள். அதாவது சுவரைத் தொடாமல் இரண்டு முனையில் இருக்கிற பெட்டிகளை மட்டும் மாற்றினால் போதும். புது மதர்போர்டுகள் பலவற்றில் 2.5ஜி போர்ட் ஏற்கெனவே இருக்கிறது, பலருக்கு அது தெரியாது, பழைய ஜிகாபிட் ஸ்விட்சில் செருகி 1000-த்தில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். போர்ட் இல்லாத சிஸ்டத்துக்கு ஒரு கார்டு, லேப்டாப்புக்கு யூஎஸ்பி அடாப்டர். அடாப்டரை நீல நிற 3.0 போர்ட்டில் செருகுங்கள், 2.0-இல் செருகினால் மேலே சொன்ன 35, 40 கதைதான்.

2.5ஜி-க்கு இன்னொரு நியாயம் டிஸ்கிலிருந்து வருகிறது. ஒரு நல்ல 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் வெளிவட்டத்தில் நொடிக்கு 200, 250 எம்பி தரும், நிறைய நிறைய உள்வட்டத்துக்குப் போகப் போகப் பாதியாகிவிடும். நாஸில் இருப்பது ஒன்றிரண்டு ஹார்டு டிஸ்க் மட்டும்தான் என்றால் 2.5ஜி-க்கு மேல் நெட்வொர்க் போட்டு என்ன பயன்? எனக்கு 2.5ஜி ஸ்விட்ச் மாற்றியதும் 112 இருந்தது 230, 240 ஆனது, ஐபெர்ஃப் 2.35 ஜிகாபிட் காட்டியது, இடையில் நின்றது டிஸ்க்தான். ராத்திரி வேலை சாப்பாட்டு நேர வேலையாகச் சுருங்கியது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான இடம் என்பது என் கருத்து.

இதற்குப் பிறகும் நான் 10ஜி-க்குப் போனதற்கு ஒரே காரணம்: காட்சிகளை நாஸிலிருந்து இறக்காமல் அங்கேயே வைத்து எடிட் செய்ய வேண்டும். அதற்கு நாஸில் எஸ்எஸ்டி போட்டு, அதற்கும் எடிட் சிஸ்டத்துக்கும் நடுவில் மட்டும் 10ஜி. வீடு முழுக்க இல்லை, இரண்டே பெட்டிக்கு.

புதிய 10ஜி கார்டு வாங்க வேண்டியதில்லை. டேட்டா சென்டரிலிருந்து கழித்துக் கட்டிய இன்டெல் எக்ஸ்520, மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 மாதிரியான கார்டுகள் பழைய சர்வர் பாகங்கள் விற்பவர்களிடம் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும் முன் உங்கள் மதர்போர்டின் ஸ்லாட்டைப் பாருங்கள். இந்தக் கார்டுகள் எட்டு லேன் (ஸ்லாட்டுக்குள் டேட்டா போகிற பாதை) எதிர்பார்ப்பவை. நான்கு லேன் கிடைத்தாலும் ஒரு போர்ட்டுக்குத் தாராளம். ஆனால் குட்டி ஒரு லேன் ஸ்லாட்டில் எக்ஸ்520 மாதிரி இரண்டாம் தலைமுறை பிசிஐஇ கார்டைப் போட்டால் 500 எம்பிக்கு மேல் போகவே போகாது. நீளமான ஸ்லாட் எல்லாம் உள்ளே முழு லேனோடு இருக்கும் என்றும் நம்பாதீர்கள், மேனுவலில் பாருங்கள். அப்புறம், சர்வருக்குள் எப்போதும் காற்று பாய்ந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த கார்டுகள் இவை. சித்திரை வெயிலில் மாடி அறையில், ஏசி நின்ற நேரத்தில், ஹீட் சிங்க்கைத் தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன் வைத்தேன்.

இந்தக் கார்டுகளில் வழக்கமான நெட்வொர்க் போர்ட்டுக்குப் பதிலாக, மாட்யூல் செருகுகிற எஸ்எஃப்பி பிளஸ் துளைதான் இருக்கும். இரண்டு பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் என்றால் இரண்டு முனையிலும் அந்தத் துளைக்கான பிளக்கோடே வருகிற டிஏசி என்கிற செம்புக் கேபிள் ஒன்று போதும், விலை குறைவு, சூடும் இல்லை. அந்தத் துளையில் சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருக வைக்கும் மாட்யூலும் உண்டு, ஆனால் அது நன்றாகச் சூடாகும், அதனால் நான் ஒதுக்கினேன். கீழிருந்து மாடிக்கு ஃபைபர் இழுத்தேன். இரண்டு முனையிலும் எல்சி என்கிற கனெக்டர் போட்டே வருகிற ஓஎம்3 வகை ஃபைபர் கேபிள் (பாட்ச் கார்டு), இரண்டு மாட்யூல், அவ்வளவுதான்; வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இல்லை. எல்சி கனெக்டரின் முனையில் மூடியைக் கழற்றாமல், மேலே பிளாஸ்டிக் சுற்றி, தலைப்பாகத்தைப் பிடித்து இழுக்காமல் கேபிளின் உறையைப் பிடித்து இழுக்க வேண்டும். கூர்மையாக மடக்கக்கூடாது.

ஃபைபருக்கு எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. ஐப்பசி இடியில் மொட்டை மாடி கேமராவிலிருந்து வந்த கேபிள் வழியாக ஸ்விட்சின் இரண்டு போர்ட்டும் கேமரா ரெக்கார்டரும் போய்விட்டன. வெளியே திறந்த வெளியில் ஓடுகிற செம்புக் கேபிள் இடி நேரத்தில் ஆபத்து. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. எடிட் சிஸ்டத்துக்கும் நாஸுக்கும் நடுவில் ஃபைபர் என்றால் ஒன்றுக்கு வந்தது மற்றதற்குப் போக அந்த வழி இல்லை. வீட்டுக்கும் பின்னால் இருக்கிற ஷெட்டுக்கும், இல்லை பக்கத்து அண்ணன் வீட்டுக்கும் இழுப்பதாக இருந்தால் வேகத்துக்காக இல்லையென்றாலும் இதற்காகவே ஃபைபர் போடுங்கள்.

நடுவில் ஸ்விட்ச் இல்லாமல் நேராக இணைக்கும்போது இரண்டு பக்கமும் ஐபி முகவரியை நாமே கொடுக்க வேண்டும். வீட்டு நெட்வொர்க் 192.168-இல் தொடங்கினால் இதற்கு 10.10.10.1, 10.10.10.2 என்று வேறு வரிசையில் கொடுங்கள். கேட்வே கட்டத்தை காலியாக விட்டுவிடுங்கள், அப்போதுதான் இன்டர்நெட் வழக்கமான வழியில் போகும். நாஸை இனிமேல் பெயரால் திறக்காமல் 10.10.10.2 என்றே திறக்க வேண்டும், பெயரால் திறந்தால் பழைய மெதுவான வழியிலேயே போய்விடலாம், நீங்கள் 10ஜி போட்டும் 112 வருகிறதே என்று தலையைச் சொறிவீர்கள். விண்டோஸ் இந்த இணைப்பை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று சொல்லி பப்ளிக் பட்டியலில் போட்டு ஃபயர்வாலை இறுக்கும், பிரைவேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட்டின் அளவைப் பெரிதாக்குகிற ஜம்போ ஃபிரேம் செட்டிங்கைத் தொடவில்லை. அதை இரண்டு முனையிலும் ஒரே அளவில் வைக்காவிட்டால் பிங் போகும், ஃபைல் பாதியில் நிற்கும், காரணம் பிடிபடாது. அதில் கிடைக்கிற லாபம் எனக்கு அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஐபெர்ஃப் 9.4 ஜிகாபிட் காட்டியது. ஃபைல் அனுப்பினால் 1.1 ஜிபி வேகத்தில் சீறிக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் தொப்பென்று 100-க்கு இறங்கியது. நெட்வொர்க் பழுதில்லை இது. முதலில் தெரிவது நாஸின் ராமுக்குள்ளும் எஸ்எஸ்டியின் வேகமான பகுதிக்குள்ளும் போகிற வேகம். கியூஎல்சி என்கிற விலை குறைந்த வகை எஸ்எஸ்டிகளில் அந்தப் பகுதி நிறைந்ததும் உண்மையான எழுதும் வேகம் வெளியே வரும், அது ஹார்டு டிஸ்கைவிடக் குறைவாகவே இருக்கலாம். சாட்டா எஸ்எஸ்டி என்றால் எப்படியும் 550-ஐத் தாண்டாது. அதனால் 10ஜி செலவில் பாதிக்கு மேல் டிஸ்குக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

குட்டி ஃபைல்களுக்கு 10ஜி-யும் ஒன்றும் செய்யாது. எடிட்டிங் மென்பொருள் உருவாக்கும் கேஷ், தம்ப்நெயில், அலைவடிவ ஃபைல்கள் பல ஆயிரம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று இரண்டு பெட்டியும் பேசிக்கொண்டே இருக்கும். கேஷை நாஸுக்கு அனுப்பவே வேண்டாம், அதைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். அனுப்பியே ஆக வேண்டியதைச் சுருக்காமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள், அல்லது விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பியில் எம்டி விருப்பத்தைப் போட்டால் ஒரே நேரத்தில் எட்டு ஃபைலாக அனுப்பும்.

சிஸ்டத்தை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாற்றியபோது ஒரு சிக்கல். நாஸில் பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளி முறையில் திறந்துகொண்டிருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. அந்தப் பதிப்பிலிருந்து, ப்ரோ போன்ற வகைகளில், எஸ்எம்பி (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) கையொப்பம் இயல்பாகவே கட்டாயம், விருந்தாளிக் கணக்கோடு அது ஒத்துப்போகாது. கையொப்பத்தை நிறுத்திவிடு என்று பலர் சொல்வார்கள். நாஸில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி அதில் நுழைவதுதான் சரியான வழி, அப்படியே செய்தேன். கையொப்பம் போடும் வேலையால் பழைய நாஸின் பிராசசர் கொஞ்சம் திணறலாம், 2.5ஜி வரை எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது என்னோடு வேலை பார்க்கிற பையனுக்கும் 10ஜி வேண்டுமாம். அவன் வேலை வண்ணத் திருத்தம் இல்லை, வெட்டி அடுக்குவது மட்டும்தான், அதற்கு 2.5ஜி போதும் என்று சொல்லியிருக்கிறேன். முழு 10ஜி ஸ்விட்ச் விலையும் அதிகம், ஃபேன் சத்தமும் அதிகம். எட்டு 2.5ஜி போர்ட்டோடு இரண்டே இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் துளை உள்ள ஃபேன் இல்லாத ஸ்விட்சுகள் இருக்கின்றன; நாஸும் என் சிஸ்டமும் அந்த இரண்டில், மற்றவை எல்லாம் 2.5-இல். அதை வாங்கினால் இந்தத் தனி ஐபி வரிசையையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்காக ஆக்கிவிடலாம். தை முகூர்த்தங்கள் முடிந்து பேமென்ட் வந்ததும் பார்க்க வேண்டும்.